காட்டுவதே காட்டாவிட்டால்

நோர்வூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு லயத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனைதான். ஆனால் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை எந்த டிவிசனில் தேடினாலும் இதன் சாயலில் ஒரு வீடு அகப்படும். இஸ்தோப்பை அடைத்துக் கட்டிய சின்ன அறை. மேசைமேல் கொழும்பு அலுவலகம் ஏதோ ஒன்று கழித்துவிட்ட கம்பியூட்டர், பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பையன், மாதக்கணக்கில் காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கி வந்திருக்கிறான். பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, நீளமான ஸ்லாட்டில் கார்டை வைத்து அழுத்தி, 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் ஆணியை முடுக்கி, சுவிட்சைப் போடுகிறான். பச்சை லைட் எரிகிறது. காற்றாடி சுற்றுகிறது. ஹார்ட் டிஸ்க் முனகுகிறது. திரை மட்டும் கறுப்பு.

"பொட்டி ஓடுது, படம் வரலியே தம்பி" என்கிறார் அம்மா. தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓட்டும் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? புதுச் சாமான்லதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்கிறார். போனில் அகப்பட்ட சிநேகிதன், "பவர் சப்ளை தாங்காதுடா" என்கிறான். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் பெட்டியைத் திறந்ததை அம்மா மெதுவாக ஞாபகப்படுத்துகிறார். மூன்று பேர், மூன்று காரணம். ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கம்பியூட்டர் கடைக்குப் போக வேண்டிய இந்தச் சங்கதிக்குத் தமிழ்ச் சமய நூல்களில் ஒரு பழைய வழக்கின் சாயல் உண்டு. ஒரு பொருளை நாம் அறிந்தோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? காணாதது இல்லாததா? முந்தி நடந்தது பிந்தி நடந்ததற்குக் காரணமாகிவிடுமா? சைவரும் பௌத்தரும் உலகாயதரும் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கேள்விகள் இவை. 'அளவை' என்று அதற்குப் பெயர். அரிசியை அளக்கப் படி இருப்பதுபோல அறிவை அளக்கவும் ஒரு படி வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த சொல்.

இந்தப் பழுதில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. கம்பியூட்டரில் வேறு பல கோளாறுகள் திரையில் வந்து தம்மைச் சொல்லிவிடும். டிஸ்க் இல்லை என்று எழுதிக் காட்டும், கீபோர்ட் கழன்றிருக்கிறது என்று எழுதிக் காட்டும். காட்டுகிற வேலைக்கென்று வைத்த உறுப்பே கெட்டால், அதைக் காட்ட வேறு உறுப்பு இல்லை. கண்ணில் தூசி விழுந்தவன் அந்தத் தூசியைத் தன் கண்ணாலேயே தேட முடியாத நிலை.

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் 'திருவருட்பயன்' என்ற சிறு நூலில், ஆணவ மலத்துக்கும் சாதாரண இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே குறளில் சொல்லிவிடுகிறார். இருட்டு பிற பொருள்களைக் காட்டாது, ஆனால் 'நான் இருட்டு' என்று தன்னையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தான் மறைப்பதையும் மறைக்கும். மொனிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். கேபிளில் எதுவும் வராவிட்டால் பல மொனிட்டர்கள் 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டத்தில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் உறங்கப் போகும். அது தன்னைக் காட்டும் இருட்டு, தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லித் தரும் நல்ல இருட்டு. அந்தக் கட்டமும் வராமல், லைட் மட்டும் எரிந்துகொண்டு திரை கறுத்துக் கிடந்தால் வருவது மற்ற வகை. அங்கே பழுது மொனிட்டரிலா, கேபிளிலா, கார்டிலா, போர்டிலா என்ற கேள்விக்கே பிடிமானம் கிடையாது.

அந்தப் பையன் செய்யக்கூடிய முதல் தப்பு, திரை கறுத்ததைப் பார்த்ததும் 'கம்பியூட்டர் செத்துவிட்டது' என்று முடிவு கட்டுவது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் பலவகைச் சமயவாதிகள் வரிசையாக வந்து தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். கடைசியாக வருபவன் பூதவாதி. கண்ணால் கண்டதைத் தவிர வேறு அளவை கிடையாது என்கிறான். மணிமேகலை அவனுடன் நீண்ட வாதம் செய்யவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மட்டும் கேட்கிறாள். அவன் பிறந்ததை அவன் பார்த்திருக்க முடியாதே! இத்தனை சிக்கனமான மறுப்பு தர்க்க நூல்களில் அபூர்வம்.

ஆனால் பூதவாதியை ஒரேயடியாகச் சிரித்து ஒதுக்குவதும் நியாயமில்லை. காணாமை சில வேளை உண்மையாகவே ஓர் அறிவைத் தரும். மேசைமேல் யானை இல்லை என்பதை யானையைக் காணாமையால்தான் அறிகிறோம். இதற்கு 'அபாவம்' என்று பெயர் வைத்த பழைய தர்க்கவாணர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் தெரியாத பொருளாயின், அதைக் காணாமை எதையும் நிரூபிக்காது. மேசைமேல் யானையைக் காணவில்லை என்றால் யானை இல்லை. மேசைமேல் கிருமியைக் காணவில்லை என்றால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். கடவுள் வழக்கிலும் சண்டை கடைசியில் இந்த நிபந்தனையில்தான் வந்து நிற்கும். இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய பொருளா அவர், இல்லையா? அதைத் தீர்மானிக்காமல் 'காணோம், ஆகவே இல்லை' என்பதும், 'காணாவிட்டாலும் உண்டு' என்பதும் ஒரே அளவு அவசரம்.

பையனின் கம்பியூட்டர் இந்த வழக்கில் கிருமியின் பக்கம். உள்ளே முழு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கலாம். விண்டோஸ் ஏறியிருக்கலாம், பாஸ்வேர்டுக்குக் காத்திருக்கலாம். காட்டும் வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவே.

காட்சி கைவிட்டால் என்ன செய்வது? பெட்டியைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டதும், விண்டோஸுக்கெல்லாம் முன்னால், மதர்போர்ட், பயோஸ் என்ற தன் தொடக்க மென்பொருளைக் கொண்டு, தன்னைத்தானே ஒரு சோதனை செய்துகொள்ளும். திரை உயிர் பெறுவதற்கு முன்னால் பழுது தெரிந்தால் அதற்கு இருக்கும் ஒரே வாய், காசளவுச் சின்ன ஸ்பீக்கர். ஐபிஎம் காலத்திலிருந்தே ஒரு நெடும் ஒலியும் இரண்டு குறும் ஒலிகளும் வந்தால் படம் காட்டும் உறுப்பில் கோளாறு என்று அர்த்தம். அவார்ட் நிறுவனத்தின் பயோஸும் அதையே பின்பற்றியது. அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் பயோஸில் அதற்கு எட்டுக் குறும் ஒலி.

கண் பொய்த்த இடத்தில் காது. சைவ சித்தாந்தி இந்த இடத்தில் புன்னகைப்பார். அருணந்தி சிவாசாரியார் 'சிவஞான சித்தியார்' நூலின் தொடக்கத்தில் பத்து அளவைகளை எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். உரை என்பது நம்பத் தகுந்தவர் சொன்ன சொல். பௌத்தருக்கு இந்த மூன்றாவது ஒத்துவராது. மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் அறவண அடிகள் அளவை இரண்டே என்கிறார்: காட்சியும் கருத்தும். சொல்லை நம்புவதுகூட ஒருவகைக் கருதல்தானே என்பது அந்தத் தரப்பின் வாதம். எட்டு முறை 'பீப்' என்றால் படப் பழுது என்பது யாரோ எழுதிவைத்த ஏட்டின் வாக்கா, அல்லது பல பெட்டிகளைப் பார்த்துப் பழகிய அனுமானமா?

சைவரின் பக்கம் ஒரு வலு உண்டு. அவார்ட் மரபில் ஒற்றைக் குறும் ஒலி என்றால் எல்லாம் சுகம். அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸின் பழைய ஏட்டில் அதே ஒற்றை ஒலிக்கு நினைவகத்தில் பழுது என்று பொருள். ஒலி ஒன்றுதான், ஆனால் எந்த ஆகமத்தின் ஒலி என்று தெரியாமல் அதற்குப் பொருள் இல்லை. சொல்லுக்கு அதிகாரம் சொன்னவரிடமிருந்து வருகிறது என்று சைவ, நியாய நூல்கள் வற்புறுத்துவது இதைத்தான். ஒரு மதத்தின் ஏட்டை இன்னொரு மதத்தின் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சண்டை போடுகிறவர்கள், அவார்ட் ஏட்டை வைத்துக்கொண்டு மற்றப் போர்டின் ஒலியை எண்ணுகிறவர்களே. (இப்போது வரும் மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே கிடையாது என்பது வேறு சோகம். போர்ட் பேச நினைத்தாலும் வாய் இல்லை.)

அப்பாவின் தீர்ப்புக்கு வருவோம். நேற்று வரை ஓடியது, இன்று கார்ட் வந்தது, இன்று ஓடவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பனை வளராத மலைநாட்டிலும் இந்தப் பழமொழிக்குக் குறைச்சல் இல்லை. கார்டுக்காகப் பெட்டியைத் திறந்தபோது வேறு பலவும் நடந்திருக்கின்றன. மின்வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். பெட்டியைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். கை பட்டு ராம் துண்டு ஒரு மயிரிழை எழும்பியிருக்கலாம். ஹட்டன் பக்கத்து ஈரத்தில் வருடக்கணக்கில் நின்ற பெட்டியில், தங்கப் பூச்சுள்ள பற்களில் அழுக்குப் படர்ந்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் அதைத் தேய்த்துவிட்டுத் திரும்பச் சொருகினால் எத்தனையோ 'செத்த' பெட்டிகள் எழுந்திருக்கின்றன. ராம் கழன்றதற்குக் கார்டைத் தூக்கிலிடுவது காக்கையைத் தூக்கிலிடுவதே. ஆனால் எங்கும் புதிதாக வந்தவர்தான் முதலில் கூண்டில் ஏறுவார். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு இது தெரியும்.

சிநேகிதனின் தீர்ப்பு கொஞ்சம் படித்தவன் தீர்ப்பு. கார்ட் சொருகும் அந்த நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை அந்த 75 வாட்டுக்குள் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 185 வாட் வாங்கும் ஆர்எக்ஸ் 580 போன்றவற்றுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். ஆறு முள் இணைப்பு இன்னொரு 75 வாட் தரும், எட்டு முள் இணைப்பு 150 தரும். அலுவலகம் கழித்த பெட்டிகளில் 240, 275 வாட் சப்ளைகளே அதிகம். ஆகவே 'தாங்காது' என்பது எந்தக் கார்ட் என்று கேட்காமல் சொல்லக்கூடாத வார்த்தை.

பையனுக்கும் சிநேகிதனுக்கும் இங்கே ஒரு வாக்குவாதம் நடக்கும். "காத்தாடி சுத்துதேடா, பவர் வந்துட்டுத்தானே இருக்கு?" என்பான் பையன். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போல வேடமிட்டு வருபவற்றை, வகைவகையாக எடுத்துக் காட்டுகிறார். அவற்றில் ஒன்றை நுவரெலியாக்காரர்கள் தங்களுக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். எழுவது நீராவியா, பனியா என்ற ஐயம் தீராமலே, அதைப் புகை என்று துணிந்து, அங்கே நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எதிர் மலையில் காண்பது இந்தப் போலியைத்தான். லயத்துக் கூரைக்கு மேல் நிற்பது அடுப்புப் புகையா, மேகமா? காற்றாடி சுற்றுவதும் அப்படிப்பட்ட பனி. காற்றாடியைச் சுற்ற ஒன்றிரண்டு வாட் போதும். அது சுற்றுவதால் 75 வாட்டுக்கு வழி இருக்கிறது என்று ஆகாது.

அப்பா ஒரு நிமிடம் தன் தொழிலை நினைத்துப் பார்த்திருந்தால் முதல் தீர்ப்பைத் தானே மாற்றியிருப்பார். ரோலர் நின்றுபோனால் ஸ்டோரில் முதல் காரியம் பெல்ட்டைக் கழற்றுவது. கழற்றிவிட்டு மோட்டரைத் தனியே ஓடவிட்டுப் பார்த்தால், குற்றம் மோட்டரிலா, அப்புறத்திலா என்று தெரிந்துவிடும். கார்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஓட்டிப் பார்ப்பதும், அதே கார்டை வேறொரு பெட்டியில் போட்டுப் பார்ப்பதும் இதே வித்தை. தர்க்க நூல்கள் இதை அந்நுவயம், வெதிரேகம் என்று இரண்டாகப் பிரிக்கும். இது உள்ள இடத்தில் அதுவும் உண்டா, இது இல்லாத இடத்தில் அதுவும் இல்லையா? இரண்டும் பொருந்தினால்தான் காரணம் என்று வாய் திறக்கலாம். சித்தியார் எண்ணும் பத்து அளவைகளில் 'ஒழிபு' என்றும் ஒன்று உண்டு. அல்லாதவற்றை ஒவ்வொன்றாக ஒழித்து, எஞ்சியதைக் கொள்வது. உலகமெங்கும் மெக்கானிக்குகள் பெயர் தெரியாமல் பயன்படுத்தும் அளவை அது.

இப்படிக் காரணம் தேடித் தெளிவதற்குள் மலைநாடு ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்தது.

1869இல் மடூல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படர ஆரம்பித்தது. அதே வருடம் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார் அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் காரணம் கிடைத்ததாக எல்லாரும் ஒப்பவில்லை. மண் களைத்துவிட்டது என்றார்கள், பருவம் கெட்டுவிட்டது என்றார்கள். பூஞ்சணம் நோயின் காரணமா, நோயுற்ற மரத்தில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதா என்பது நியாயமான கேள்வியும்கூட. துரைமார் அதற்கு 'டெவாஸ்டேட்டிங் எமிலி', நாசகார எமிலி, என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் இதிலேயே கிடந்தார். பூஞ்சண வித்தை இலைமேல் வைத்து, அது முளைத்து இலைத் துளைக்குள் இறங்குவதை உருப்பெருக்கியில் பின்தொடர்ந்தார். வித்து விழுந்த இடத்தில் நோய் வந்தது, விழாத இடத்தில் வரவில்லை. காற்றில் வித்துகள் பறக்கின்றன என்பதைப் பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளில் அவற்றைப் பிடித்துக் காட்டினார். அந்நுவயமும் வெதிரேகமும் கண்ணாடியில் ஒட்டி நின்றன. ஆனால் அவருடைய முடிவின் கூர்மையான பகுதி வேறு. பூஞ்சணம் மட்டும் குற்றவாளியில்லை. மலைமலையாக ஒரே பயிரை, காற்றைத் தடுக்க மரமில்லாமல், இடைவெளியில்லாமல் நட்டுவைத்ததும் சேர்ந்துதான் அழிவை உண்டாக்கியது. தனித்தனியே பார்த்தால் கோப்பிச் செடியும் ஒரு குற்றமும் செய்யவில்லை, பூஞ்சணமும் தன் இயல்பைத்தான் செய்தது. இரண்டும் சேர்ந்த விதம் பழுது. முடிவு வந்தபோது காலம் கடந்திருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை மற்ற மலைகளிலும் ஏறத் தொடங்கியிருந்தது.

சேர்க்கையில் பழுது என்பது விளங்குவதற்குச் சற்றுக் கடினமான எண்ணம். நம் மனம் குற்றவாளியை ஓர் ஆளாக, ஒரு சாமானாக, ஒரு கிரகமாகத் தேடும். பழைய பெட்டியும் புதுக் கார்டும் இந்த மனப்பழக்கத்தை நன்றாகவே சோதிக்கும். கார்டை நண்பன் வீட்டில் போட்டால் படம் வருகிறது. கார்ட் இல்லாமல் பெட்டியைப் போட்டால் அதிலும் படம் வருகிறது. இரண்டும் நிரபராதி, சேர்ந்தால் இருட்டு. 3ஆம் தலைமுறைக் கார்ட் 2ஆம் தலைமுறை ஸ்லாட்டில் வேகம் குறைந்து ஓடும், அது பிரச்சினையில்லை. ஆனால் 2012ஐ ஒட்டிய வருடங்களில்தான் மேசைக் கம்பியூட்டர்கள் பழைய பயோஸ் முறையிலிருந்து யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்குப் பரவலாக மாறின. அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்கும் போர்டும் கார்டும் சில வேளை ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாமல் விழிக்கும். என்விடியாவே 2018இல் தன் கார்டுகள் சிலவற்றுக்கு ஒரு திருத்த மென்பொருளை வெளியிட வேண்டிவந்தது. புதுவகை டிஸ்பிளேபோர்ட் மொனிட்டரை இணைத்தால், விண்டோஸ் ஏறும்வரை அந்தக் கார்டுகள் சிலவற்றில் திரை கறுத்தே நிற்கும். பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்குப் படம் வந்தது. பொறுமை இல்லாதவர்கள் கார்டைக் கழற்றினார்கள்.

அம்மாவின் ராகு காலத்தை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. அதைச் சிரித்து ஒதுக்குவது சுலபம், ஆனால் மலையகத்தில் இயந்திரத்துக்கும் சாமிக்கும் உள்ள உறவு பழையது. கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி, கொழுந்துக்குக் கொழுந்துசாமி, ஸ்டோரில் சுற்றும் ரோதைக்கு ரோதமுனி. இந்த மண்ணில், இந்தத் தொழிலில் பிறந்த தெய்வங்கள் இவர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த முனியாண்டியும் மாடசாமியும் போதாமல், கை நசுங்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றவர்கள் அதற்கும் ஒரு முனியைக் கண்டுகொண்டார்கள். ஆனால் ரோதமுனிக்குப் படையல் போட்ட கையே பெல்ட்டுக்கு எண்ணெயும் போடும். ஒன்றைச் செய்ததால் மற்றதை விட்டவர் இல்லை.

ஏன் இரண்டும்? சூடானில் அசாந்தே மக்களிடையே வாழ்ந்த எவன்ஸ்-பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் வெளியிட்ட நூலில் ஒரு தானியக் களஞ்சியம் வருகிறது. கால்களைக் கறையான் அரித்தால் களஞ்சியம் விழும் என்பது அசாந்தேயருக்குத் தெரியும். அதன் நிழலில் வெயிலுக்கு ஒதுங்குவார்கள் என்பதும் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: இத்தனை நேரம் விழாமல், இந்த ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது ஏன் விழுந்தது? கறையான் முதல் கேள்விக்குப் பதில், இரண்டாவதற்கு இல்லை. அம்மாவின் ராகு காலமும் அந்த இரண்டாவது கேள்விதான். பிள்ளை மாதக்கணக்கில் சேர்த்த காசு இன்றைக்குப் பார்த்து ஏன் இப்படி ஆக வேண்டும்? இந்தக் கேள்விக்கு வோல்ட் மீட்டர் பதில் சொல்லாது. அதற்காக இந்தக் கேள்வியின் பதிலை வைத்துக்கொண்டு பவர் சப்ளையை மாற்றவும் முடியாது. சண்டை வருவது இரண்டு கேள்விகளும் ஒன்று என்று நினைக்கும்போதுதான்.

இந்தக் குழப்பத்தைப் புத்தர் நேரடியாகவே எதிர்கொண்டிருக்கிறார். சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி அவரிடம் வருகிறான். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். அப்படிச் சொல்வது அனுபவத்தையும் மீறுகிறது, உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறுகிறது என்கிறார் புத்தர். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் உண்டு, வாதத்தால் உண்டு, மூன்றும் கூடிய சன்னிபாதத்தால் உண்டு, பருவ மாற்றத்தால், கவனக்குறைவால், பிறர் தாக்குவதால் உண்டு, வினைப்பயனாலும் உண்டு. எட்டில் ஒன்றுதான் கர்மம். அதுவும் கடைசியாக. கர்மக் கொள்கையைத் தூக்கிப் பிடித்தவரே இப்படிச் சொன்னார் என்பதைக் காரணம் தேடும் எவரும் இரண்டு முறை படிக்கலாம். பட்டியலின் நடுவில் சன்னிபாதம் நிற்பதையும் கவனிக்கலாம்: ஒன்றால் அல்ல, பல கூடியதால் வந்த குற்றம். வார்ட் கோப்பித் தோட்டத்தில் கண்டதும் ஒரு சன்னிபாதம்தான்.

மாசி மாதத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் பொட்டலில் கம்பம் நட்டுக் காமன்கூத்து நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுகிறாள், வாதாடுகிறாள். கடைசியில் மன்மதன் உயிர் பெறுகிறான், ஆனால் உடல் இல்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்களுக்கு அனங்கன். விடிய விடியக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்க்கும் கூட்டத்துக்கு, இருக்கிறான் ஆனால் தெரியமாட்டான் என்ற அந்த நிலையில் ஒரு முரணும் தோன்றுவதில்லை.

பழைய பெட்டிகள் பலவற்றில் நடப்பதும் இதுதான். பெட்டியின் முதுகில் படம் வெளியே வர இரண்டு வாசல்கள் இருக்கும். ஒன்று மதர்போர்டோடு பிறந்தது, மற்றது புதுக் கார்டில் உள்ளது. கார்ட் ஏறியதும் போர்ட் தன் சொந்த வாசலை மூடிக்கொள்ளும். மொனிட்டர் கேபிளைப் பழைய பழக்கத்தில் பழைய வாசலிலேயே சொருகியவனுக்கு எதுவும் தெரியாது. உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கும். கார்டின் வாசலில் நிற்பவருக்கு மட்டும் தரிசனம்.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் இதற்கு இணையான ஒரு கட்டமைப்பைச் சொல்கிறார். கண் தானாகக் காண்பதில்லை. உயிர் கூடநின்று காட்டினால்தான் கண் காணும். அதேபோல உயிருக்கும் காட்டுபவன் ஒருவன் வேண்டும், அவனும் உயிரோடு தானும் கூடக் கண்டு காட்டுகிறான். காண்பது என்பது ஒற்றை வினையில்லை, காட்டுதலும் காணுதலும் சேர்ந்த இரட்டை வினை. மொனிட்டர் எவ்வளவு நல்லதானாலும், காட்டுபவரின் பக்கம் இணையாவிட்டால் அது ஒரு கறுப்புக் கண்ணாடி. பௌத்தர் இதை ஒப்பமாட்டார், காட்டுபவன் என்று தனியே ஒருவன் எதற்கு, இணைப்புகள் போதாதா என்பார். அந்த வழக்கு பெட்டியின் முதுகில் தீராது.

நோர்வூட் வீட்டில் நேரம் எட்டரை. 'ராம் எடுத்துப் போட்டியா?' என்று சிநேகிதனிடமிருந்து செய்தி வருகிறது. பையன் ராமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போடுகிறான். ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றி ஓட்டிப் பார்க்கிறான், படம் வருகிறது. திரும்பப் போடுகிறான், இருட்டு. அப்பா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஸ்லாட் தெரியாது, வாட் தெரியாது, ஆனால் பெல்ட் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று பார்க்கத் தெரியும். பெட்டியைச் சற்றுத் திருப்பி முதுகைப் பார்க்கிறார். "இந்த வயர் மேல இருக்கிற பழைய ஓட்டையிலதானே நிக்குது? புதுச் சாமான்லயும் அதே மாதிரி ஓட்டை இருக்கே."

பையன் அவரைப் பார்க்கிறான். கேபிளைப் பிடுங்கிக் கீழே சொருகுகிறான்.

திரையில் வெள்ளை எழுத்துகள் வருகின்றன. படமல்ல, ஒரு புகார். மின்வயரைப் பிடுங்கிவைத்திருந்த நேரத்தில், போர்டில் காசுபோல இருக்கும் பழைய பேட்டரி தன் கடைசி மூச்சை விட்டிருக்கிறது. பெட்டிக்கு இன்று எந்த நாள் என்று தெரியவில்லை. தான் பிறந்த காலத்து ஜனவரி ஒன்றைக் காட்டிவிட்டு, சரியான தேதியைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு நிற்கிறது. அம்மா சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்து, தேதியை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்கிறார். பையன் தட்டுகிறான்.